மலிவான ஐபோனின் கடைசிக் கை: குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு கணக்கு

சென்ற மாதம் ஒரு மாலை நேரம், என் மூத்த சகோதரியின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஐபோன். அது அவளுடையது அல்ல. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர், பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி ஒருநாள் கொடுத்து வைத்திருந்தார்.

“எக்ஸ்ஆர் மாமா. பழசுதான், ஆனா ஒரு கீறலும் இல்ல. கலரப் பாருங்க” என்றாள்.

காசுக்கு என்ன வழி என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினாள். அவளுடைய உம்மா பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செய்து போட்ட இரண்டு காப்புகளில் ஒன்றை அடகு வைக்கப் போகிறாள்.

இதை வீண் ஆசை என்று தள்ளிவிட முடியாது. அவள் கருவாடு விற்கிறாள். காலையில் கரையில் மீன் வாங்கி, வெட்டி, உப்பிட்டுக் காயவைத்து, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறாள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஓடர் வருகிறது. அவளுடைய பழைய போனின் திரை உடைந்து, படத்தில் கருவாடு எந்த நிறம் என்றே தெரியவில்லை. போன்தான் அவளுடைய கடை.

ஆனாலும் நான் உடனே “வாங்கு” என்று சொல்லவில்லை. இதே போன்ற ஒரு நிறத்துக்கு நானும் ஒருமுறை ஏமாந்தவன்.

2014ஆம் ஆண்டின் கடைசியில், பிரான்சில் இருக்கும் உறவினர் ஒருவர் எனக்கு ஒரு பொதி அனுப்பினார். சொக்லேட்டுகளுக்கும் உடுப்புகளுக்கும் நடுவில் நீல நிற ஐபோன் 5சி இருந்தது. அடுத்த நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். முதலில் பார்த்தவரே சிரித்தார். “சைனா போனா? சத்தம் நல்லா வருமே!”

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைகளில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று பளிச்சிட்டுத் தொங்கியவை எல்லாம் இரண்டு சிம் போடும், டோர்ச் உள்ள, ஊரே கேட்கப் பாட்டுப் போடும் மலிவான பிளாஸ்டிக் போன்கள். ஐபோன் என்றால் கறுப்பு அல்லது வெள்ளை, கையில் எடுத்தால் குளிரும் உலோகம் என்றுதான் எல்லோரும் அறிந்திருந்தார்கள். நிறமுள்ள பிளாஸ்டிக்கில் ஐபோனைச் செய்தால் அது போலி என்றுதான் இங்கே தோன்றும்.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அங்கே ஒப்பந்தத்தில் எடுத்த போன் அது. வெளிநாட்டு வலையமைப்பு ஒன்றுக்குப் பூட்டப்பட்டிருந்தது. எங்கள் சிம் போட்டால் வேலை செய்யாது. அந்தப் பூட்டைத் திறப்பதற்கு நான் செலவழித்த காசுக்கு இங்கே ஒரு நல்ல சாதாரண போன் வாங்கியிருக்கலாம்.

அந்தப் போனுக்கு உலகத்தில் கிடைத்த வரவேற்பும் கிட்டத்தட்ட எங்கள் கடைத்தெருச் சிரிப்பைப் போன்றதுதான் என்று பிறகு வாசித்து அறிந்தேன். 2013 செப்டெம்பர் 10ஆம் திகதி அப்பிள் நிறுவனம் இரண்டு போன்களை ஒன்றாக அறிமுகப்படுத்தியது. ஒன்று உயர்ரகமான 5எஸ். மற்றது வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஐந்து நிறங்களில் வந்த 5சி. ஏழை நாடுகளுக்கான மலிவு ஐபோன் வரப்போகிறது என்று மாதக்கணக்காகப் பேச்சு இருந்தது. வந்த விலையோ, அமெரிக்காவில் ஒப்பந்தம் இல்லாமல் 549 டொலர். 5எஸ் 649 டொலர். வித்தியாசம் வெறும் 100 டொலர். சீனாவில் 4,488 யுவான். இந்தியாவில் 41,900 ரூபா, அங்கே 5எஸ் 53,500 ரூபா. மலிவுப் போனுக்குக் காத்திருந்தவனுக்கு இது எட்டாத விலை. இவ்வளவு கொடுக்கக் கூடியவன், இன்னும் கொஞ்சம் போட்டு நல்லதையே வாங்குவோம் என்று நினைத்தான். எதிர்பார்த்ததைவிட 5எஸ் பக்கமே வாங்குவோர் அதிகம் சாய்ந்தார்கள் என்பதை அப்பிளின் தலைவர் டிம் குக்கும் 2014 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

நிறமே வில்லங்கம் என்று அப்போது பலர் எழுதினார்கள். அது சரியில்லை என்பதை ஐந்து வருடங்களுக்குப் பிறகு வந்த எக்ஸ்ஆர் காட்டியது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி சந்தைக்கு வந்தது. ஆறு நிறங்கள், விலை 749 டொலர். அதே ஆண்டு வந்த எக்ஸ்எஸ் 999 டொலர். திரையின் தரம் குறைவு, பின்னால் ஒரே ஒரு கமரா என்று விமர்சகர்கள் முதலில் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் 2019இல் உலகில் மிக அதிகமாக ஏற்றுமதியான ஸ்மார்ட்போன் அதுதான். ஒம்டியா என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 4 கோடி 63 இலட்சம். அந்த ஆண்டில் சென்னைக்கு அருகிலுள்ள ஆலையிலும் எக்ஸ்ஆர் பொருத்தப்பட்டது. நம்முடைய மொழி பேசும் பிள்ளைகளின் கைகள் பட்டு வந்த போன்களும் அவற்றில் உண்டு.

இரண்டுமே மலிவுப் பதிப்பு, இரண்டுமே பல நிறம். ஒன்று சிரிப்புக்கு ஆளானது, மற்றது உலகத்தின் கைக்குப் போனது. வித்தியாசம் உள்ளே இருந்தது. 5சியின் உள்ளே இருந்தது முந்தைய ஆண்டு ஐபோன் 5இன் ஏ6 சிப். பழைய போனுக்குப் புதுச் சட்டை போட்டதுதான். எக்ஸ்ஆரின் உள்ளே இருந்தது விலை கூடிய எக்ஸ்எஸ்ஸில் இருந்த அதே ஏ12 சிப்.

இதுவரை சொன்னது முதல் கையில் வாங்கியவர்களின் கதை. கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்பவர்கள், காணொளியில் விமர்சனம் செய்பவர்கள், பங்குச் சந்தையில் கணக்குப் பார்ப்பவர்கள். ஒரு போன் வெற்றியா தோல்வியா என்று அவர்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு போனுக்குக் கடைசிக் கை என்று ஒன்று உண்டு. லண்டனில் வாங்கியவர் இரண்டு வருடத்தில் மாற்றுகிறார். அது தம்பிக்குப் போகிறது. தம்பியிடமிருந்து பொதியில் இங்கே வருகிறது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் புத்தளத்திலும் இருக்கும் நாங்கள்தான் அந்தக் கடைசிக் கை. எங்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

கடைசிக் கையில்தான் மலிவின் உண்மையான விலை தெரியவரும். 5சியின் ஏ6 சிப் 32 பிட். 5எஸ்ஸின் ஏ7 சிப் 64 பிட். வாங்கிய நாளில் இந்த வேறுபாடு யாருடைய கண்ணுக்கும் தெரியவில்லை. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 5சிக்கு அது கிடைக்கவில்லை. 5எஸ்ஸுக்கு ஐஓஎஸ் 12 வரை கிடைத்தது. 2022 ஒக்டோபர் 24ஆம் திகதி ஐஓஎஸ் 10, 11 உள்ள போன்களில் வட்ஸ்அப் நின்றது. 5சி அன்றோடு ஊமையானது. கூடவே பிறந்த 5எஸ்ஸில் 2025 மே வரை வட்ஸ்அப் ஓடியது. அன்று மிச்சம் பிடித்த 100 டொலர், பின்னால் இரண்டரை வருட வாழ்வை எடுத்துக்கொண்டது. பாரிஸிலும் லண்டனிலும் இருந்த முதல் சொந்தக்காரர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர்கள் எப்போதோ வேறு போனுக்குப் போய்விட்டார்கள். 

என்னுடைய நீலப் போன் 2022 வரை எங்கள் வீட்டில்தான் இருந்தது. உம்மா அதைத்தான் வைத்திருந்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது 11 வயது. அங்கிருந்து ஒரு புகைப்படம்கூட எங்களுடன் வரவில்லை. உம்மாவின் சகோதரிகளில் ஒருவர் இப்போது மன்னாருக்குத் திரும்பிவிட்டார், ஒருவர் குருநாகலில், ஒருவர் பிரான்சில். மூவரையும் ஒரே திரையில் பார்க்க உம்மாவுக்கு இருந்த ஒரே வழி அந்தப் போன். வட்ஸ்அப் நின்ற அன்று காலை, “போன்ல ஏதோ பிழை, என்னண்டு பாரு” என்று என்னிடம் தந்தார். பிழை ஒன்றும் இல்லை உம்மா, அதன் காலம் முடிந்துவிட்டது என்று விளக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது.

வன்னியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படத்தைப் போனில் வைத்திருக்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கும் போனைப் பார்த்து, “நிவாரணம் எடுக்கிறவங்களுக்கு ஐபோன் ஒரு கேடா?” என்று கேட்பவர்களையும் கண்டிருக்கிறேன். போன் மங்கலாக இருந்தால் பாவம் என்கிறார்கள். பளிச்சென்று இருந்தால் திமிர் என்கிறார்கள். நிறத்தை வைத்து மனிதனுக்கு மதிப்புப் போடும் இந்தப் பழக்கத்தைத்தான் போன் நிறுவனங்களும் விலையாக்குகின்றன.

நிறத்துக்கு நிலையான பொருள் எதுவும் கிடையாது என்பதற்கு 2025ஆம் ஆண்டே போதும். அந்தப் பெப்ரவரியில் வந்த மலிவுப் பதிப்பான 16இ, கறுப்பு, வெள்ளை இரண்டு நிறங்களில் மட்டும் 599 டொலருக்கு வந்தது. அதற்கு முந்தைய மலிவுப் போனான எஸ்இ 429 டொலர். 170 டொலர் கூடிவிட்டதே, இதையா மலிவு என்பது என்று பலர் கேட்டார்கள். அதே செப்டெம்பரில் வந்த மிக விலை கூடிய 17 ப்ரோ பளிச்சிடும் செம்மஞ்சளில் வந்தது. 12 வருடங்களுக்கு முன் நிறம் என்றால் மலிவு. இப்போது நிறத்துக்குத்தான் கூடிய விலை. நிறம் சொல்வதை நம்பி இரண்டு காலத்திலும் எதையும் வாங்க முடியாது.

எங்கள் நாட்டில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும், 599 டொலர் என்பது வரி எதுவும் சேர்க்காமலே 179,700 ரூபா. அமெரிக்காவில் “மலிவு” என்று எழுதப்படும் போன், கரைவலை இழுப்பவனின் வீட்டில் பல மாதச் சம்பாத்தியம். புதியது எட்டாது. ஆகவே மூன்றாம் கை, நான்காம் கைப் போன்களின் சந்தை இங்கே பெருகுகிறது. அடகும் தவணைக் கடனும் அதன் பின்னால் வருகின்றன.

அன்று மாலை மருமகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. போனை வாங்கி, அவளோடு சேர்ந்து நாலு விடயங்களை மட்டும் பார்த்தேன். வாசகர்களுக்கும் உதவலாம்.

முதலாவது, எங்கள் சிம்மைப் போட்டு அழைப்பு எடுத்துப் பார்த்தோம். வலையமைப்புப் பூட்டு இல்லை. இரண்டாவது, பழைய சொந்தக்காரரின் அப்பிள் கணக்கு இன்னும் உள்ளே இருந்தது. அதை அவரே தன் கையால் நீக்கித் தரவேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் போன் பூட்டிக்கொண்டு வெறும் கண்ணாடித் துண்டாகிவிடும். மூன்றாவது, *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். நான்காவது, பற்றரியின் ஆரோக்கியம். அமைப்புகளில் பார்த்தோம். 74 வீதம். 80க்குக் கீழே இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொன்னேன். 2025 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 26, எக்ஸ்ஆருக்குக் கிடைக்கவில்லை. எக்ஸ்எஸ்ஸுக்கும் கிடைக்கவில்லை. 250 டொலர் கூடக் கொடுத்தவனும் மஞ்சள் போன் வாங்கியவனும் ஒரே நாளில் நின்றார்கள். அந்த வகையில் எக்ஸ்ஆர் நேர்மையான போன்தான். வட்ஸ்அப் இன்னும் ஓடுகிறது. ஆனால் இனி அதன் காலம் கூடப் போவதில்லை, குறையத்தான் போகிறது. குறைந்து கொண்டு போகும் பொருளுக்காக, விலை ஏறிக் கொண்டு போகும் தங்கத்தைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப மஞ்சள் புடிக்கும் எண்டு வாங்கக் கூடாதா மாமா?”

வாங்கலாம். அதில் எந்தத் தவறும் இல்லை. பிடித்த நிறத்தில் ஒரு பொருள் வைத்திருப்பது காசுக்காரர்களின் தனி உரிமை அல்ல. விலையை மட்டும் அதன் மிச்ச ஆயுளுக்குப் பேசு என்றேன்.

அடுத்த நாள் அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பற்றரியையும் புதிய ஐஓஎஸ் கிடைக்காததையும் சொல்லி, தன்னால் தரக்கூடிய தொகையையும் சொல்லிவிட்டு வந்தாள். விற்பவர் முடியாது என்றார். எட்டு நாள் கழித்து அவரே அழைத்தார். சொன்ன தொகையில் பாதியைக் கருவாடு விற்ற காசில் கொடுத்தாள், மீதியை இரண்டு மாதத்தில் தருவதாகப் பேச்சு. அவர் தன் கணக்கை அவள் முன்னாலேயே நீக்கிக் கொடுத்தார்.

நேற்று வட்ஸ்அப்பில் படம் ஒன்று போட்டிருந்தாள். வெயிலில் காயும் கட்டாக் கருவாடு, ஓரத்தில் அவளுடைய கை. இரண்டு காப்புகளும் இருந்தன.