வடநெம்மேலிப் பானைகள் காத்திருக்கலாமா?

அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிக்க இந்திய அரசு 2014-இல் தடை விதித்தது. உதட்டுச்சாயத்துக்காக ஒரு முயலின் கண் புண்ணாக வேண்டியதில்லை. சோதனைக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோல்செல்களே போதும். அந்தத் தடையை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் உயிர் காக்கும் மருந்துக்கான பாம்பு நஞ்சையும் அதே தராசில் நிறுத்தி, ஆண்டுதோறும் கோப்புக்குள் முடக்கிவைப்பதை ஏற்க முடியாது.

கடலோர ஊரான வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை இக்கடற்கரையில் அறியாதவர் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானையில் சில வாரங்கள் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தித்தான் பாம்புக்கடி ஊசி மருந்து தயாராகிறது. நாட்டுக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே போகிறது.

இத்தொழிலுக்கு ஆண்டுக்கொரு அனுமதி, பாம்பு வகைக்கொரு எண்ணிக்கை வரம்பு என்பதுதான் அரசு மேலிடத்தின் முடிவு. ஆணை தாமதமாகிப் பானைகள் காலியாகக் கிடந்த மாதங்களை நாம் பார்த்திருக்கிறோம். வயல்வெளியில் பாம்பு நடமாடும் பருவம் அரசாணைக்காக நிற்காது. கைத்தொழில் தெரிந்த குடும்பம் அந்த மாதங்களில் கூலி தேடி அலைகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த பாம்பைத் திருப்பி விட்டவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சந்தேகம் கொள்ள என்ன இருக்கிறது?

இது இன்று நேற்றைய அலட்சியம் அல்ல. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இருளர்களின் பிழைப்பாயிருந்த பாம்புத்தோல் வாணிபம் நின்றது. நிறுத்தியவர்கள் மாற்று வழி சொல்லவில்லை. மாற்றாக எழுந்த இச்சங்கத்துக்கு வழிகாட்டியவர் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கர். பழங்குடிச் சான்றிதழுக்காக இருளர் பிள்ளைகளைக் கோட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஆண்டுக்கணக்கில் காக்கவைத்ததும் இதே நாற்காலிகள்தான். கொத்தடிமை முறை 1976-இல் ஒழிந்ததாகச் சட்டம் சொன்ன பிறகும், அரிசி ஆலைகளிலிருந்து இருளர்களை மீட்டுக்கொண்டே இருந்தோம். 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதுக்கு மகிழ்ந்தவர்களின் கை, அனுமதிக் கோப்பில் ஏன் நடுங்குகிறது?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழக அரசே 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அக்கறை உண்மையென்றால், இச்சங்கத்துக்கு ஆண்டுதோறும் கையேந்தாத ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். மதுராந்தகத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் வரப்பில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்காகக் கேட்கிறோம்: அடுத்த மழைக்கு முன் கையெழுத்திடுங்கள்.