நோபல் வந்த ஆண்டிலேயே ராணுவமும் வந்தது: 2024-ல் தென் கொரிய இலக்கியம் சொன்ன பாடம் என்ன?

அக்டோபர் 10, 2024. இலக்கியத்துக்கான நோபல் பரிசு தென் கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு என அறிவிக்கப்படுகிறது. இந்தப் பரிசைப் பெறும் முதல் தென் கொரியர் அவர்தான், ஆசியாவின் முதல் பெண்ணும் அவர்தான். அறிவிப்பு வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்நாட்டின் பெரிய புத்தகக் கடைகளின் இணையதளங்கள் திணறிப்போயின. ஒரு வாரத்துக்குள் அவருடைய புத்தகங்கள் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றன. அச்சகங்கள் ராத்திரி பகலாக ஓடின.

சரியாக 54 நாள் கழித்து, டிசம்பர் 3 இரவு, அதிபர் யூன் சுக் யோல் டிவியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். தொடர்ந்து வந்த ராணுவ உத்தரவில், எல்லா ஊடகங்களும் பதிப்புகளும் ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்று இருந்தது.

உலகமே ஒரு நாட்டின் எழுத்தைக் கொண்டாடிய ஆண்டில், அதே எழுத்துக்குப் பூட்டுப் போட முயற்சி! இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பரிசுக்கு முன்னாடி நிலைமை என்ன?

அவ்வளவு நன்றாக இல்லை. 2024 ஏப்ரலில் கலாசார அமைச்சகம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, முந்தைய ஓராண்டில் ஒரு புத்தகமாவது படித்த பெரியவர்கள் வெறும் 43 சதவீதம். அதாவது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு புத்தகத்தைக்கூடப் படிக்கவில்லை. அதே ஆண்டு பட்ஜெட்டில் வாசிப்பை வளர்க்கும் திட்டங்களுக்கான நிதியிலும் கை வைக்கப்பட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. கியோங்கி மாகாணத்தில், மாணவர்களுக்குப் பொருந்தாத பாலியல் உள்ளடக்கம் இருப்பதாகச் சொல்லிப் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்கள் அகற்றப்பட்டன. ஒரு பள்ளியில் அப்படி அகற்றப்பட்டவற்றில் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' நாவலும் ஒன்று. நோபல் வந்த பிறகு இந்த விஷயம் பெரிய சர்ச்சையானது.

அப்போ, பரிசு எப்படி வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. 'தி வெஜிடேரியன்' கொரிய மொழியில் வெளியானது 2007-ல். டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வர எட்டு ஆண்டுகள் ஆயின. 2016-ல் அது சர்வதேச புக்கர் பரிசை வென்றது. பரிசுத்தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. கொரிய இலக்கியத்தை மொழிபெயர்ப்பதற்கென்றே அரசு நிதியில் ஒரு நிறுவனம் இயங்குகிறது. டேசான் போன்ற தனியார் அறக்கட்டளைகளும் பணம் தருகின்றன. பலன்? 2024-ல் ஹான் காங் மட்டும் பேசப்படவில்லை. மார்ச் மாதம் கவிஞர் கிம் ஹேசூனின் தொகுப்பு அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர்கள் வட்டப் பரிசை வென்றது. மூத்த எழுத்தாளர் ஹ்வாங் சோக் யோங் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்.

பணம் கொடுத்த கையே பட்டியலும் போட்டது

அரசு பணம் கொடுத்தால் எழுத்து வளரும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. முன்னாள் அதிபர் பார்க் கியுன் ஹே காலத்தில், அரசுக்குப் பிடிக்காத ஆயிரக்கணக்கான கலைஞர்களின் பெயர்களோடு ஒரு கறுப்புப் பட்டியல் இருந்தது. அதில் இருப்பவர்களுக்கு அரசு உதவி கிடைக்காது. ஹான் காங்கின் பெயரும் அதில் இருந்ததாகக் கொரிய ஊடகங்கள் எழுதின. இந்த வழக்கில் அதிபரின் முன்னாள் தலைமைச் செயலாளர் சிறைக்கே போனார்.

ஹான் காங் அப்படி என்ன எழுதிவிட்டார்? 1980 மே மாதம், ராணுவச் சட்டம் நாடு முழுக்க விரிக்கப்பட்டபோது, குவாங்ஜு நகர மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். ராணுவம் அவர்களைச் சுட்டுக் கொன்றது. அது அவர் பிறந்த ஊர். அந்தச் சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் குடும்பம் சியோலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2014-ல் வந்த 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலில் அவர் எழுதியது அந்தப் படுகொலையைத்தான்.

டிசம்பர் 3 இரவு என்ன ஆச்சு?

மக்கள் கடுங்குளிரில் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். ராணுவ வீரர்களை மறித்து நின்றார்கள். உறுப்பினர்கள் சிலர் சுவரேறிக் குதித்தெல்லாம் உள்ளே போனார்கள். அவைக்கு வந்துசேர்ந்த 190 பேரும் ராணுவச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆறு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

டிசம்பர் 7-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை. கடந்த காலம் நிகழ்காலத்துக்கு உதவுமா, இறந்தவர்களால் உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியோடுதான் குவாங்ஜு நாவலை எழுதியதாக ஹான் காங் அதில் சொன்னார். ஒரு வாரம் கழித்து, அதிபரைப் பதவிநீக்கும் தீர்மானத்தை முன்வைத்துப் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, 'உதவியது' என்று பதில் சொன்னார். தீர்மானம் 204 வாக்குகளோடு நிறைவேறியது.

ஒரு நாவல் ராணுவத்தைத் தடுத்தது என்று சொன்னால் அது மிகை. தடுத்தது மக்கள். ஆனால் ராணுவச் சட்டம் என்றால் என்ன ஆகும் என்பது 1980-ல் பிறக்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பாடப்புத்தகம், சினிமா, நினைவிடம் எனப் பல காரணங்கள். நாவல்களும் கவிதைகளும் அதில் ஒரு பங்கு. அந்தப் பங்கை அழிக்கத்தான் கறுப்புப் பட்டியல் போட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே என்ன கற்கலாம்?

தமிழக அரசும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி வழியாக மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் கொரியா காட்டுவது இரண்டு விஷயங்கள். பலன் வர பத்து, இருபது ஆண்டு ஆகும், அதுவரை பணம் நிற்கக் கூடாது. அதைவிட முக்கியம், எதை எழுதினால் பணம் என்று கொடுப்பவர்கள் தீர்மானிக்கக் கூடாது. ஆட்சியைச் சங்கடப்படுத்தும் புத்தகத்துக்கும் நல்கை கிடைக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

வாசகர்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 'தி வெஜிடேரியன்' நாவல், கவிஞர் சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்ற பெயரில் நோபலுக்கு முன்பே தமிழில் வந்துவிட்டது. பரிசு அறிவிப்பு வரும்வரை எத்தனை பேர் அதைத் தேடினோம்?