முக்காலியை அழித்துவிட்டால் நீங்கள் மிதப்பீர்கள்



ஜப்பானின் குமமோட்டோ நகரில் வாழ்ந்த கிமிகோ நிஷிமோட்டோ பாட்டியின் படங்களை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். துணி காயப்போடும் கம்பியில் சட்டைகளோடு சட்டையாகத் தொங்குவார். துடைப்பத்தில் ஏறிப் பறப்பார். குப்பைப் பைக்குள் உட்கார்ந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டுவார்.

1928இல் பிரேசிலில் பிறந்து, சிறுமியாக ஜப்பான் திரும்பியவர். சிகை அலங்காரத் தொழில், சைக்கிள் பந்தயம், பிறகு திருமணம், மூன்று பிள்ளைகள் என்று போன வாழ்க்கை. 72 வயதில், மூத்த மகன் நடத்திய வகுப்பில் சேர்ந்துதான் புகைப்படக் கலையைக் கற்கத் தொடங்கினார். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டவும் அதன் பிறகு பழகினார். முதல் தனிக் கண்காட்சி 2011இல் நடந்தது. 2025 ஜூனில், 97 வயதில் மறைந்தார்.

அந்தக் குப்பைப் பைப் படம் என்னை விடவே இல்லை. வயதானவர்களை உலகம் எங்கே ஒதுக்குகிறது என்பதைத் தானே அங்கே போய் உட்கார்ந்து அவர் காட்டிவிட்டார். அதையும் சிரிக்கவைத்துக் காட்டினார். இந்த இதழை வீட்டிலேயே எடுக்கும் தன்னுருவப் படங்களுக்கு ஒதுக்கத் தோன்றியது அதனால்தான்.

வேடிக்கைக்கு அப்பால், இப்படி வேடம் போட்டும் படங்களை ஒட்டியும் விளையாடுவதற்கு நீண்ட மரபு உண்டு. புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் இப்போலித் பயார், பெருமையெல்லாம் இன்னொருவரான தாகேருக்கே போன வருத்தத்தில், 1840இல் தன்னை நீரில் மூழ்கி இறந்தவராகப் படம் எடுத்துக்கொண்டார். 1857இல் ஆஸ்கர் ரெயிலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். நம் சினிமாவிலும் 1940இலேயே ‘உத்தமபுத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்துவிட்டார். ஃபோட்டோஷாப்பில் 1994இல், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வந்தபோது, இருட்டறையில் நாள்கணக்கில் நடந்த வேலை மேசைக்கு வந்து சேர்ந்தது. இப்போது கிம்ப், ஃபோட்டோபீ போன்ற மென்பொருள்களைக் காசில்லாமலே பயன்படுத்தலாம்.

முதல் முயற்சிக்கு மிதக்கும் படம் நல்லது. கேமராவையோ கைப்பேசியையோ ட்ரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் அசையாத புத்தக அடுக்கு போதும். முக்காலியில் குப்புறப் படுத்து, கைகால்களை நீட்டி, டைமரில் ஒரு படம். பிறகு முக்காலியை எடுத்துவிட்டு, கேமராவைத் துளிகூட நகர்த்தாமல் வெற்று அறையை ஒரு படம். வெற்று அறை கீழே, நீங்கள் மேலே என்று இரண்டு லேயர். மேல் லேயரில் மாஸ்க் போட்டு, முக்காலி இருக்கும் இடத்தைக் கறுப்பால் தீட்டினால் கீழே இருக்கும் தரை தெரியும். அவ்வளவுதான், நீங்கள் காற்றில்!

காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். முக்காலியில் அழுந்தி மடங்கிய துணி ஒன்று. முக்காலியின் நிழலை அழிக்கும்போது உங்கள் நிழலும் சேர்ந்து போய்விடுவது இன்னொன்று. நிழல் இல்லாத உடம்பை யாருடைய கண்ணும் நம்பாது. இரண்டு படத்துக்கும் நடுவே ஒரு மேகம் கடந்தால்கூட சுவரின் நிறம் மாறிவிடும். ஆகவே ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள்.

ஒரு வரி தட்டினால் ஏஐ நொடியில் இதைத் தருமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படம் கிடைக்கும்தான். ஆனால் நம் சமையலறை ஜன்னலில் எந்த நேரத்து வெளிச்சம் முகத்துக்கு ஏற்றது, கழுத்தை எவ்வளவு சாய்த்தால் சோகம், எவ்வளவு சாய்த்தால் தூக்கம் என்பதெல்லாம் முக்காலியில் படுத்துப் பார்த்தவருக்கே தெரியும். இந்தக் கலைக்கு மாடல் வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம், வெளியே போக யாருடைய அனுமதியும் வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிடைக்கும் மதிய நேரம் போதும். வெளியே சொல்ல முடியாத ஒன்றை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான கலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணம் முதலில் வரட்டும். ‘நான் இந்த வீட்டில் யார்?’ என்று உங்களையே கேளுங்கள். கிடைக்கும் பதிலை ஒரு தாளில் கோட்டோவியமாகக் கிறுக்கிவிட்டு, அப்புறம் கேமராவைத் தொடுங்கள். எண்ணமில்லாமல் செய்தால் வித்தை மட்டும்தான் மிஞ்சும்.

நீங்கள் செய்த படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். அதற்காக எடுத்த தனித்தனிப் படங்களும், அதன் எண்ணத்தைச் சொல்லும் இரண்டு வரியும் கூடவே வரட்டும். எல்லாவற்றையும் சேர்த்தே வெளியிட விரும்புகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: படத்துக்காக யாரும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற வேண்டாம். தரையில் நின்று எடுத்து, மாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்