குறி நிலைக்காத துப்பாக்கி

கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையில் முளைக்கும் திருவிழாக் கடைகளுள் பலூன் சுடும் கடைக்கென்று ஒரு தனி மவுசு உண்டு. அங்குள்ள ஏர்கன்களில் நேராகச் சுடுவது அபூர்வம் என்பதும், துப்பாக்கி இடப்புறம் இழுக்கிறதென்று இரண்டு ரவையிலேயே ஊகித்துக்கொண்டு, சிவப்புப் பலூனை உடைப்பதற்காக அதற்கு வலப்புறத்துப் பச்சைப் பலூனைக் குறிவைக்கும் சாமர்த்தியசாலிப் பையன்கள் இருக்கிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயங்கள். கோணல் ஸ்திரமாக இருக்கும் வரையில் அது பெரிய தோஷமன்று. கணக்கில் சேர்த்துக்கொண்டு விடலாம். ஒரு சமயம் இடமும் மறு சமயம் வலமும் இழுக்கிற துப்பாக்கியிடந்தான் எந்தச் சாமர்த்தியமும் செல்லாது.

பலூன் கடைப் பையன் அறிந்த இந்த வித்தியாசத்தை, ஆயிரக்கணக்கில் பணம் செலவிட்டு ரைபிளும் அதன்மேல் ஸ்கோப்பும் வாங்கிப் பழகுகிறவர்களும், அவர்களைப் பழக்குகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நேற்று நடு வட்டத்தில் விழுந்த குண்டு இன்று இரண்டு அங்குலம் தள்ளி விழுந்ததும் ஸ்கோப்பின் குமிழை நான்கு கிளிக் திருப்புகிறார்கள், அடுத்த குண்டு வேறெங்கோ போகிறது, மறுபடியும் திருப்புகிறார்கள். இவ்விதம் ஒரு மத்தியானம் கழிந்த பிறகு, பழைய பிழை எது, தாங்கள் புகுத்திய பிழை எது என்று பிரித்துச் சொல்லப் பிரம்மதேவனாலும் ஆகாது.

குமிழைத் தொடாமல், மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியை வைத்து, ஒரே இலக்கைப் பார்த்து ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்கட்டும். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி, ஆனால் தள்ளி விழுந்திருந்தால் சாதனம் பெரும்பாலும் சௌக்கியமாகவே இருக்கிறது, குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். சிதறியிருந்தால் குமிழுக்கு அங்கே வேலையில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் ஸ்க்ரூ, வளையங்கள் அமர்ந்திருக்கும் அடித்தட்டு, துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூ என்று சந்தேகத்தை அற்பமான பொருள்களிலிருந்தே தொடங்க வேண்டும். ஸ்பிரிங் விசையால் இயங்கும் ஏர்கன், சுட்டவுடன் பின்னுக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்குமாக இருமுறை உதறுவதால், நல்ல ஸ்கோப்பையும் நாளடைவில் தளர்த்திவிடக் கூடியது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையத்தின்மேல் வரை நகப்பூச்சினால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வைத்தால் போதும். அந்தக் கோடு முறிந்து நிற்கும் நாளில் ஸ்க்ரூ நகர்ந்த சங்கதி தானே தெரிந்துவிடும். பயந்துபோய் முழுப் பலத்தோடு இறுக்குவதும் ஆபத்துதான். ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளிருக்கும் உறுப்புகள் சிக்கிக்கொள்ளும். இவ்வளவும் சரியாயிருந்தால், வேறொரு நல்ல ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பார்த்த பின்னரே பழையதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

2008 ஆகஸ்டு 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில், இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சுட்ட ஒத்திகைக் குண்டு பத்துக்குப் பதிலாக நான்கை ஒட்டி விழுந்ததென்றும், துப்பாக்கியின் குறி எப்படியோ மாறியிருந்ததென்றும் அவரே எழுதியிருக்கிறார். இருந்த சில நிமிஷங்களில் அவர் குறியைத் திருப்பிச் சரிசெய்து, கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். திருப்பிய இடத்தில் குறி நின்றது. அதனால்தான் அந்த வைத்தியம் பலித்தது.

நில்லாத குறிக்கான வைத்தியத்தைத் தஞ்சாவூரில் பார்க்கலாம். இந்தியாவின் மாபெரும் திரிகோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனின் தியோடலைட் என்னும் கோணமானி, அரை டன் எடையும் மூன்றடி விட்டமுள்ள வட்டமும் கொண்ட பிரம்மாண்டமான யந்திரம். குன்றில்லாத டெல்டாவில் தொலைவு பார்ப்பதற்காக 1808-இல் அதைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில், கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதி, பாகைகள் பொறித்த வட்டம் நெளிந்து போயிற்று. நெளிசலுக்கு ஏற்பக் கணக்கில் ஒரு திருத்தம் சேர்த்து ஒப்பேற்றும் எண்ணம் அவருக்கு எழவில்லை. கூடாரத்துக்குள் புகுந்து, தலைமைக் கைவினைஞர்களைத் தவிர ஒருவரையும் அனுமதிக்காமல், யந்திரத்தை அக்கக்காகக் கழற்றி, தட்டையான பலகையொன்றில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருந்தச் செய்தார். அதற்கு ஆறு வாரம் பிடித்தது. லாம்ப்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்திலும் அந்த யந்திரம் உழைத்தது.

நம் பயிற்சிக் கூடங்களிலோ, குண்டு தவறினால் முதலில் வசவு வாங்குகிறவன் சுட்ட பையன். மூச்சை அடக்கவில்லை, விசையை வெடுக்கென்று இழுத்தாய் என்றெல்லாம் சொல்வார்கள். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆயினும் ஸ்க்ரூவைப் பார்க்குமுன் பையனைப் பார்ப்பது நியாயமன்று. துப்பாக்கி வாங்கப் பணம் ஒதுக்குகிற அரசும் கிளப்புகளும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுக்காத டார்க் சாவி ஒன்று, சோதித்துப் பார்க்க மாற்று ஸ்கோப்பு ஒன்று, எந்தத் தேதியில் எந்த ஸ்க்ரூ தொடப்பட்டது என்று எழுதும் நோட்டு ஒன்று ஆகியவற்றுக்கும், இவற்றைக் கையாளத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் சம்பளத்துக்கும் அதே உத்தரவிலேயே ஒதுக்கீடு செய்யட்டும்; திருவண்ணாமலை போன்ற ஊர்களில் கிளப்புக்கு ஒருவர் கட்டுபடியாகாதென்றால், மாவட்டத்துக்கு ஒருவராவது இருக்கட்டும்.