பனிக்காலத்தில் அன்னையின் பாதங்கள்



கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள நம் ஓசூரில், குளிர்நாடுகளைப் போல் உறைபனி கொட்டுவதில்லை. ஆயினும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புல்லெல்லாம் பனிநீரில் நனைந்து கிடக்கிறது. ஆலைக்குச் செல்லும் மகனுக்குக் கால்விரல்களைக் காக்க இரும்பு முனை வைத்த காலணி உண்டு. அதே வேளையில் மாட்டுக்குப் புல் அறுக்கவும், தோட்டத்தில் ரோஜா பறிக்கவும் செல்லும் தாயோ வெறுங்காலோடு நடக்கிறார்.

இது சிறு காரியமன்று. ஈரமண்ணிலுள்ள கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியே உட்புகுந்து இரத்தசோகையைத் தரும். புல்லில் பதுங்கும் கண்ணாடி விரியன் பெரும்பாலும் காலிலேயே தீண்டுகிறது.

தேய்ந்த ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும். முழங்காலளவு உயர்ந்து, அடியில் ஆழ்ந்த வரிகள் கொண்ட ரப்பர் பூட்ஸே ஏற்றது. உள்ளே தடித்த காலுறைக்கு இடம் இருக்கட்டும். இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் சில்லிடும். அணியுமுன் கவிழ்த்து உதறுங்கள், தேள் ஒளிந்திருக்கலாம். வேலை முடிந்ததும் கழுவி உலர்த்துங்கள்.

ஆலை தன் தொழிலாளியின் பாதங்களைக் காக்கிறது. இல்லம் தன் தாயின் பாதங்களைக் காக்க வேண்டாமா? வரும் சம்பள நாளில் முதற் செலவு இதுவாகட்டும்.