ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்... இந்த மூன்றும் இருக்கிறதா எனப் பாருங்கள்!

பிள்ளைக்கு கோடிங், அம்மாவுக்கு டேலி, பாட்டிக்கு யோகா... வீட்டுக்கு வீடு ஆன்லைன் கோர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் காலம் இது. சேருவது சுலபம், முடிப்பதுதான் சிரமம். பாதியில் நின்றுவிட்டால், 'எல்லாம் என் சோம்பேறித்தனம்' என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால், பல நேரங்களில் குறை நம்மிடம் இல்லை. கோர்ஸை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது.

ஒரு நல்ல ஆன்லைன் வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டி கேரிசன், டெர்ரி ஆண்டர்சன், வால்டர் ஆர்ச்சர் மூவரும் 2000-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். அப்போது யூடியூபும் இல்லை, ஜூமும் இல்லை. மாணவர்கள் கம்ப்யூட்டரில் எழுதி எழுதியே விவாதித்த வகுப்புகளை வைத்து அவர்கள் உருவாக்கியதுதான் 'கம்யூனிட்டி ஆஃப் இன்கொயரி'. நம் மொழியில், 'சேர்ந்து தேடும் கூட்டம்'. இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும் என்றார்கள்.

1. கூடப் படிப்பவர் தெரிய வேண்டும்

திரையில் வெறும் பெயர்ப்பட்டியல் இருந்தால் போதாது. 'நீங்க சொல்றது சரியில்லைன்னு தோணுது' என்று தயங்காமல் சொல்லும் அளவுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் அறிமுகம், நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு என்று நல்ல கோர்ஸில் இதற்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

2. யோசிக்க வைக்க வேண்டும்

இதில் நான்கு படிகள். உதாரணத்துக்கு ஊட்டச்சத்து கோர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 'பாட்டிக்கு சர்க்கரை, பேரன் எடை குறைவு. ஒரே அடுப்பில் இருவருக்கும் எப்படிச் சமைப்பது?' என்ற கேள்வி முதல் படி. ஆளுக்கொரு யோசனை சொல்வது இரண்டாவது. அவற்றைச் சலித்து ஒன்றாகக் கோப்பது மூன்றாவது. ஒரு வார மெனு போட்டு, சமைத்துப் பார்த்து, சரிவருகிறதா என்று சொல்வது நான்காவது.

சிக்கல் எங்கே தெரியுமா? அதே மூவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் பதிவுகளில் 42 சதவிகிதம் இரண்டாவது படியிலேயே இருந்தது. நான்காவது படியைத் தொட்டவை வெறும் 4 சதவிகிதம். ஆளாளுக்குக் கருத்து சொல்லிவிட்டுக் கலைந்துவிடும் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் போலத்தான்!

3. ஆசிரியர் இருக்க வேண்டும்

வீடியோவில் இருந்தால் மட்டும் போதாது. பாடத்தைத் திட்டமிடுவது, விவாதம் திசைமாறினால் இழுத்துப் பிடிப்பது, தவறாகப் புரிந்துகொண்டால் திருத்துவது... இந்த மூன்றும் ஆசிரியரின் வேலை. 'விவாதியுங்கள்' என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டால் பேச்சு இரண்டாவது படியிலேயே நின்றுவிடும். 'முடிவெடுத்துக் காட்டுங்கள்' என்று வேலை கொடுத்துக் கூடவே வந்தால்தான் அது மேலே ஏறும்.

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் வீடியோ, வாசிப்புப் பாடம், சுயதேர்வு ஆகியவற்றோடு விவாதப் பகுதியையும் சேர்த்து நான்கு அங்கங்களாக வகுத்திருக்கிறார்கள். அதில் படிப்பவர்கள் வீடியோவோடு நின்றுவிடாதீர்கள். சந்தேகத்தைக் கேட்பதற்குத்தான் அந்த இடம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? சிறு குழுக்களாகப் பிரிப்பார்களா?
* சந்தேகம் கேட்டால் பதில் சொல்வது யார்? எத்தனை நாளில்?
* கடைசியில் நாமே செய்து முடிக்கும் வேலை உண்டா? இல்லை, சரியான விடையை டிக் அடித்தால் சான்றிதழா?
* குழுவேலைக்கு நேரம் எது? பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நமக்கு ஓய்வு என்றால், இரவில் எழுதிப் போட வசதி இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் கூட்டம் தேவையில்லை. எக்ஸெல்லில் ஒரு ஃபார்முலா கற்றுக்கொள்ள பத்து நிமிட வீடியோவே போதும். ஆனால், ஒரு தொழிலையோ பாடத்தையோ ஆழமாகக் கற்க ஆயிரக்கணக்கில் பணமும் மாதக்கணக்கில் நேரமும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் 'பே நவ்' பட்டனைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே வீடியோ மட்டும் உள்ள கோர்ஸில் பணம் கட்டிவிட்டீர்களா? அதே கோர்ஸில் இருக்கும் மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். வாரம் ஒரு கேள்வி, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரப் பேச்சு, முடிவில் எட்டிய பதிலை எழுதி வைக்க ஒருவர். ஆசிரியரின் இடத்தை இது முழுதாக நிரப்பாது. ஆனாலும், 'இந்த வாரம் நீங்க ஏன் வரலை?' என்று கேட்க ஆள் இருந்தால், பாதியில் விட அவ்வளவு சீக்கிரம் மனசு வராது!