சிபாரிசு வேண்டாம், சட்டம் வேண்டும்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மனு போட்டார். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம். ஆனால் தாலுகா ஆபீஸ் சான்று வேண்டும். அதுதான் வரவில்லை. "கவர் கொடுத்தா நாளைக்கே வந்துரும்ங்கிறாங்க. எம்.எல்.ஏ.கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் இவருக்குச் சான்று கிடைத்துவிடும். இவருக்குப் பின்னால் நிற்பவருக்கு? நான் வங்கியில் இருந்தபோதும் இதே கதைதான். சிட்டா, அடங்கலுக்கு 'செலவு' பண்ணிவிட்டுத்தான் பலர் பயிர்க்கடன் கேட்டு வருவார்கள். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

சட்டமன்ற உறுப்பினரின் வேலை போன் போடுவதல்ல, சட்டம் போடுவது. மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சான்று தராமல் தாமதித்தால், பொறுப்பான அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். அதை விண்ணப்பித்தவருக்கே இழப்பீடாகக் கொடுக்கலாம். அடுத்து பீகார், கர்நாடகம், கேரளம் எல்லாம் சட்டம் இயற்றின. தகவல் உரிமைக்கு 1997-லேயே, நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் போட்ட தமிழ்நாடு, இதில் மட்டும் பின்தங்கி நிற்கிறது. லோக் ஆயுக்தாவும் அப்படித்தான். உச்சநீதிமன்றம் விதித்த கெடு 2018 ஜூலை 10. நம் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது ஜூலை 9.

"அதான் எல்லாம் ஆன்லைன்ல வந்துருச்சே" என்பார்கள். இ-சேவையில் மனு எண் கிடைக்கும். மனுவைக் கிடப்பில் போட்டவருக்கு என்ன தண்டனை என்பதற்குப் பதில் கிடைக்காது. சட்டம் வந்த மாநிலங்களில் லஞ்சம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விவசாயி கும்பிடு போட்டுக் கேட்க வேண்டியதில்லை. உரிமையாகக் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம்.

மனித உரிமை என்றதும் லாக்கப் அடிதான் நம் நினைவுக்கு வருகிறது. தனக்குச் சேரவேண்டிய காகிதத்துக்காக ஒரு விவசாயி மேசை மேசையாகக் கைகட்டி நிற்பதும் உரிமை மீறல்தான்.

ரசாயனத்தைக் கைவிடும்போது பூச்சியை மட்டும் பார்க்காமல் மண்ணைப் பார்க்கக் கற்றோம். இதிலும் அப்படித்தான். அடுத்த கிராமசபையில் சேவை உரிமைச் சட்டம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். நகலை உங்கள் எம்.எல்.ஏ. கையில் நேரில் கொடுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது, "எனக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்காதீர்கள். "சபையில என்ன பேசுனீங்க?" என்று கேளுங்கள்.